போரைத் தொடங்கும் வாக்கும் நிறுத்தும் வாக்கும்



நாட்டைப் போருக்கு அனுப்பும் அதிகாரம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதே இந்த ஆண்டுப் பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள். அமெரிக்காவை வைத்தே பேசுகிறேன். இந்தக் கேள்விக்கு அரசமைப்பிலேயே விடை எழுதி வைத்துவிட்டு, நடைமுறையில் அதைக் கைநழுவ விட்ட நாடு அது.

1787இல் பிலடெல்பியாவில் கூடியவர்கள், மன்னர்கள் தொடுத்த போர்களின் சுமையை அறிந்தவர்கள். ஆகவே போர் அறிவிக்கும் அதிகாரத்தைக் காங்கிரஸிடம் கொடுத்தார்கள். குடியரசுத் தலைவரைப் படைகளின் தலைமைத் தளபதி ஆக்கினார்கள். திடீரென்று எதிரி தாக்கினால் அவர் யாரையும் கேட்காமல் எதிர்த்து நிற்கலாம். அதற்கு மேல் ஓர் அடி வைப்பதானாலும் மக்களின் பிரதிநிதிகள் வாக்களித்தாக வேண்டும்.

காங்கிரஸ் முறைப்படி கடைசியாகப் போர் அறிவித்தது 1942 ஜூனில். 1950இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் காங்கிரஸின் ஒப்புதலைக் கேட்காமலே கொரியாவுக்குப் படை அனுப்பினார். அந்தப் போரில் 30,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மடிந்தார்கள். மாண்ட கொரியர்களோ பல இலட்சம்.

வியட்நாம் விஷயத்தில் ஒப்புதல் கேட்கப்பட்டது. எப்படிக் கேட்கப்பட்டது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1964 ஆகஸ்டில், டோங்கின் வளைகுடாவில் தன் போர்க்கப்பல்கள் இரண்டு முறை தாக்கப்பட்டதாக ஜான்சன் அரசு சொன்னது. 2ஆம் தேதித் தாக்குதல் உண்மை. 4ஆம் தேதி இரவு நடந்ததாகச் சொன்ன தாக்குதல் நடக்கவே இல்லை. 7ஆம் தேதி பிரதிநிதிகள் சபை 416க்கு 0 என்ற கணக்கிலும், செனட் 88க்கு 2 என்ற கணக்கிலும் தீர்மானத்தை நிறைவேற்றின. தேவையான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்கலாம் என்று ஒருவரிடமே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மறுத்த இருவர் ஓரிகன் மாநிலத்தின் வெய்ன் மோர்ஸ், அலாஸ்காவின் எர்னஸ்ட் குருனிங். 1968 தேர்தலில் இருவருமே தோற்றார்கள். ஆதரித்தவர்கள் எல்லாம் தீயவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. கொடி ஏற்றப்பட்ட நேரத்தில் கேள்வி கேட்பவன் தேசத் துரோகி ஆகிவிடுவான் என்ற அச்சம் அவர்களை ஆட்டிப் படைத்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின், செப்டம்பர் 14 அன்று படைபலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் தீர்மானம் வந்தபோதும் அதே அச்சம்தான். பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரிக்க, பார்பரா லீ ஒருவர்தான் எதிர்த்தார். அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அன்று நிறைவேறிய அந்தச் சிறிய தீர்மானம்தான் பின்னாளில் சோமாலியா, சிரியா வரை நீட்டப்பட்டது.

வியட்நாமில் பட்ட அடிக்குப் பிறகு, 1973 நவம்பர் 7 அன்று, நிக்சனின் வீட்டோவை மீறிப் போர் அதிகாரங்கள் தீர்மானம் சட்டமானது. படை இறங்கிய 48 மணி நேரத்துக்குள் காங்கிரஸுக்கு அறிக்கை தர வேண்டும். ஒப்புதல் கிடைக்காவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும். படையைத் திரும்பப் பெற மேலும் 30 நாள். இன்னொரு வழியும் அதில் இருந்தது. இரு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் தீர்மானித்தாலே, குடியரசுத் தலைவரின் கையொப்பம் இல்லாமல் படையைத் திருப்பி அழைத்துவிடலாம்.

அந்த வழி 1983இல் அடைபட்டது. கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரின் நாடுகடத்தல் வழக்கில், தலைவரின் கையொப்பத்துக்குப் போகாத தீர்மானம் சட்டமாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதன் பிறகு காங்கிரஸின் தீர்மானம் எந்தத் தலைவரைக் கட்டுப்படுத்த வேண்டுமோ அவர் மேசைக்கே போயாக வேண்டும். 2019இல் ஏமன் போரில் அமெரிக்கப் பங்கை நிறுத்தச் செனட் 54க்கு 46 என வாக்களித்தது. பிரதிநிதிகள் சபையும் இசைந்தது. ட்ரம்ப் வீட்டோ செய்தார். 2020இல் ஈரான் குறித்த தீர்மானத்துக்கும் அதே கதிதான். வீட்டோவை மீற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். தொடங்கப் பெரும்பான்மை வேண்டும் என்று எழுதிய அரசமைப்பு, நிறுத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. இதை ஒரு குடியரசுக்கு நேர்ந்த பெரும் சேதம் என்றே நான் கருதுகிறேன்.

நீதிமன்றம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். 1973 கோடையில் கம்போடியா மீதான அமெரிக்கக் குண்டுவீச்சை எதிர்த்து, பிரதிநிதிகள் சபையின் புரூக்ளின் உறுப்பினர் எலிசபெத் ஹோல்ட்ஸ்மன் வழக்குத் தொடுத்தார். கீழ்நீதிமன்றம் தடை விதித்தது. மேல்முறையீட்டில் அது நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி டக்ளஸ் தடைக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். அதே நாளில் மற்ற எட்டு நீதிபதிகளும் சேர்ந்து அதைக் கவிழ்த்தார்கள். பதினொரு நாள் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று, குண்டுவீச்சு நின்றது. அந்தத் தேதிக்குப் பிறகு ஒரு டாலரும் இல்லை என்று காங்கிரஸ் நிதியை நிறுத்தியிருந்ததுதான் காரணம்.

ஆக, கஜானாச் சாவி இன்னமும் காங்கிரஸிடம்தான் இருக்கிறது. ஆனால் லிபியாவைப் பாருங்கள். 2011 மார்ச் 19 அன்று ஒபாமா தொடங்கிய தாக்குதல், மே மாதம் 60 நாளைக் கடந்தது. தரைப்படை இறங்கவில்லை, அமெரிக்க உயிர்ச்சேதம் இல்லை, எனவே சட்டம் சொல்லும் மோதல் இது அல்ல என்று வெள்ளை மாளிகை வாதிட்டது. ஜூன் 24 அன்று பிரதிநிதிகள் சபை, இந்த நடவடிக்கைக்கு ஒப்புதல் தர முடியாது என்று 295க்கு 123 என்ற கணக்கில் மறுத்தது. அதே நாளில், அதற்கான பணத்தை வெட்டும் மசோதாவையும் 238க்கு 180 என்ற கணக்கில் தோற்கடித்தது. லிபியாவின் மீது விமானங்கள் அக்டோபர் 31 வரை பறந்தன.