ஆயுதம் கொடுப்பதா, வேண்டாமா? உக்ரேன் பற்றித் தொழிலாளர் இயக்கத்தின் இரு குரல்கள்

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



நாட்சம்பளத்தையும் அரைப்பேரையும் பேச வேண்டிய இடத்தில் உக்ரேன் எதற்கு என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நாம் பறிக்கும் கொழுந்தின் ஒரு பங்கு ரஷ்யாவுக்குப் போகிறது. 2022இல் கோதுமை மாவும் எண்ணெயும் உரமும் விலையேறியபோது, டொலர் இல்லாத நமது நாட்டின் நெருக்கடியோடு அந்தப் போரின் சுமையும் சேர்ந்து நம் அடுப்படிக்கு வந்தது. அதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று உண்டு. இந்தப் போரைப் பற்றி உலகத் தொழிற்சங்கங்கள் ஒரே குரலில் பேசவில்லை. நமது அங்கத்தவர்களும் ஒரே கருத்தில் இல்லை. நமது சங்கம் ஒரு நிலைப்பாடு எடுப்பதானால், இரு பக்கத்தையும் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். சோவியத் யூனியன் கலைந்தபோது உக்ரேன் மண்ணில் பெருந்தொகை அணு ஆயுதங்கள் இருந்தன. 1994இல் புடாபெஸ்ட் நகரில் கையெழுத்தான உடன்பாட்டின்படி உக்ரேன் அவற்றைக் கைவிட்டது. அதன் எல்லைகளை மதிப்பதாக ரஷ்யா, அமெரிக்கா, பிரித்தானியா ஆகிய மூன்றும் உறுதி கொடுத்தன. 2014இல் ரஷ்யா கிரைமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 2022 பெப்ரவரி 24ஆம் திகதி முழு அளவில் படையெடுத்தது. காகிதத்தில் கொடுத்த வாக்குறுதியின் பெறுமதி என்னவென்று கூட்டு ஒப்பந்தங்களோடு வாழ்ந்த நமக்கு விளக்கத் தேவையில்லை.

அமெரிக்கா ஆயுதம் கொடுத்தது. ஆனால் அங்கேயே கருத்து பிளந்தது. 2023 ஒக்டோபரில் ஜனாதிபதி பைடன் உக்ரேனுக்காகச் சுமார் 61 பில்லியன் டொலர் கேட்டார். அது ஆறு மாதங்கள் இழுபட்டது. “முதலில் நமது எல்லையைக் காப்போம், நமது மக்களைப் பார்ப்போம், முடிவு தெரியாத போருக்கு எவ்வளவு காலம் பணம் கொட்டுவது?” என்று குடியரசுக் கட்சியில் பலர் கேட்டார்கள். 2024 பெப்ரவரி 13ஆம் திகதி செனட் சபை 70க்கு 29 என்ற வாக்குகளால் உதவியை ஏற்றது. நான்கே நாளில், குண்டுத் தட்டுப்பாட்டால் திணறிய உக்ரேன் படைகள் அவ்தீவ்கா நகரைக் கைவிட்டன. ஏப்ரல் 20ஆம் திகதிதான் பிரதிநிதிகள் சபையில் 311க்கு 112 என்று நிறைவேறியது. எதிர்த்த 112 பேரும் குடியரசுக் கட்சியினர். அதே கட்சியில் 101 பேர் ஆதரித்தார்கள். அந்தப் பணத்தில் பெரும் பகுதி அமெரிக்க ஆயுதத் தொழிற்சாலைகளுக்கே போகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

இனி நமது வர்க்கத்துக்கு வருவோம். 2022 மார்ச்சில் இத்தாலியின் பீசா விமான நிலையத் தொழிலாளர்கள், மனிதாபிமான உதவி என்று சொல்லப்பட்ட சரக்கில் ஆயுதங்கள் இருப்பதைக் கண்டு, ஏற்ற மறுத்தார்கள். பிரித்தானியாவில் பல்கலைக்கழக, கல்லூரி ஊழியர் சங்கத்தின் மாநாடு 2023 மே மாதத்தில், ஆயுதம் அனுப்புவதை நிறுத்தக் கோரும் தீர்மானத்தைச் சிறு வித்தியாசத்தில் நிறைவேற்றியது. அதே ஆண்டு செப்டெம்பரில் அந்நாட்டுத் தொழிற்சங்கக் காங்கிரஸ் உக்ரேனுக்கு ஆதரவாகத் தீர்மானித்தது. அதை முன்மொழிந்த ஜீ.எம்.பி. சங்கத்தில் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் அங்கத்தவர்கள்.

எதிர்த்தவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. போர் நீண்டால் இலாபம் ஆயுத முதலாளிக்கு, சவம் தொழிலாளி வீட்டுக்கு. ஆஸ்பத்திரி ஊழியருக்குச் சம்பளம் கேட்டால் காசில்லை என்கிற அரசு, குண்டுக்கு மட்டும் காசு காண்கிறது. உக்ரேனுக்காகக் கண்ணீர் விடும் அரசுகள் காஸாவில் குண்டு போடுகிறவருக்கு ஆயுதம் கொடுக்கின்றன. வெளிநாட்டு ஆயுதம் ஒரு நாட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதை முப்பது வருடம் பார்த்தவர்கள் நாம். யுத்தத்தில் பங்கில்லாத மலையக இளைஞர்களும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போனார்கள்.

ஆனால் உக்ரேன் தொழிலாளர்களின் குரலையும் கேட்போம். அவர்களது சங்க அங்கத்தவர்கள் போர்முனையில் நிற்கிறார்கள். தற்காத்துக்கொள்ள ஆயுதம் தாருங்கள் என்கிறார்கள். அதேவேளை 2022இல் அவர்களது சொந்த அரசாங்கமே, 250 பேருக்குக் குறைந்த நிறுவனங்களில் தொழிற்சட்டப் பாதுகாப்பைத் தளர்த்தும் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, போருக்கு நடுவிலும் அதை எதிர்த்தார்கள். இரண்டு போராட்டம், ஒரே ஆட்கள். அவர்களை யாருடைய கைப்பொம்மை என்றும் சொல்ல முடியாது.

“பேச்சுவார்த்தைதான் வழி” என்கிறார்கள். சரி. வேலைநிறுத்தப் பலம் இல்லாமல் நாம் துரைமார் முன் பேசப் போனால் என்ன கிடைக்கும்? பலமில்லாதவனோடு நடப்பது பேச்சுவார்த்தை அல்ல, உத்தரவு. ஆனால் வேலைநிறுத்தம் வேறு, போர் வேறு; போரில் உயிர்கள் போகின்றன. அதனால்தான் இந்த முடிவு கனமானது.

நமது நாட்டிலிருந்து வரும் ஒரு வாதத்தை மட்டும் நாம் ஏற்க மாட்டோம். “ரஷ்யா தேயிலை வாங்குகிறது, வாயை மூடிக்கொண்டிரு” என்பதுதான் அது. 2022 மார்ச் 2ஆம் திகதி ஐ.நா. பொதுச் சபையில் 141 நாடுகள் படையெடுப்பைக் கண்டித்தன; 5 எதிர்த்தன; இலங்கை உட்பட 35 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அரசாங்கத்துக்கு அதன் கணக்கு இருக்கலாம். ஆனால் ஏற்றுமதி நன்றாக நடந்த காலத்தில் நமக்குப் பங்கு தராதவர்கள், நமது மௌனத்தை மட்டும் அதன் பெயரால் கேட்க முடியாது.

ஆகவே நாம் முன்வைக்கும் நிலைப்பாடு இது. படையெடுத்தவன் வெளியேற வேண்டும். தாக்கப்பட்ட மக்களுக்குத் தற்காக்கும் உரிமை உண்டு. அதற்கான ஆயுதத்தைப் பெறவும் உரிமை உண்டு. அந்தச் செலவை எந்த நாட்டிலும் தொழிலாளியின் சம்பளத்திலும் வைத்தியத்திலும் வெட்டக் கூடாது. உக்ரேனுக்கு ஒரு நியாயம், பலஸ்தீனத்துக்கு இன்னொரு நியாயம் என்ற இரட்டை அளவுகோலை ஏற்க மாட்டோம்.

இதை ஏற்காத தோழர்கள் இந்த அறையிலேயே இருக்கிறீர்கள். தோட்டக் கமிட்டிகளில் பேசுங்கள், எதிர்த்து வாக்களியுங்கள், வாக்குகளை எண்ணிப் பதியுங்கள். எவரும் எவரையும் துரோகி என்று அழைக்க வேண்டாம். நாளை காலை பிரட்டுக்களத்தில் நாம் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கப் போகிறோம்.