நின்றுபோகும் விளையாட்டும் நிதானமான விசாரணையும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. அடுத்ததான விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. நுவரெலியாவிலோ ஹற்றனிலோ ஒரு தோட்டத்துக் குடும்பம் சிறுகச் சேர்த்து வாங்கிய கணினியைக் கழித்துவிட்டு, மற்றொன்று வாங்குவது எளிதன்று. விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் அக்கணினிக்கு மறுவாழ்வு அளிக்கவல்லது. ஆயினும் பிள்ளைகள் கேட்கும் முதற்கேள்வி, "எங்கள் விளையாட்டுகள் ஓடுமா?" என்பதே.

பெரும்பாலானவை ஓடும். 1993இல் தொடங்கிய வைன் என்னும் மென்பொருள், விண்டோஸ் நிரல் கேட்பதை லினக்ஸுக்கு விளங்குமாறு மாற்றிச் சொல்லும் துபாஷியைப் போன்றது. அதனை அடிப்படையாகக் கொண்டு, வால்வ் நிறுவனம் 2018 ஓகஸ்டில் புரோட்டான் என்பதைத் தன் ஸ்டீம் விளையாட்டுக் களஞ்சியத்துடன் இணைத்தது. விண்டோஸ் முறையில் வரும் படம் வரையும் கட்டளைகளை, அதிலுள்ள டி.எக்ஸ்.வி.கே. என்னும் பகுதி வல்கன் என்னும் வரைகலை முறைக்கு மாற்றுகிறது.

இத்தனை கை மாறும் வேலையில் ஒரு கை தவறினாலும் விளையாட்டு சட்டென்று நின்றுவிடும். அப்பொழுது பதறுதல் கூடாது. தூளின் மணம் கெட்டதென்றால், அனுபவமுள்ள டீமேக்கர் தொழிற்சாலை இயந்திரங்கள் அனைத்தையும் ஒரே வேளையில் திருகிப் பார்ப்பதில்லை. கொழுந்து வாடியது போதாதா, அரைத்ததில் பிழையா, புளித்த நேரம் மிகுந்ததா, அடுப்பின் சூடு குறைந்ததா என்று படிப்படியாக ஆராய்வார். இங்கும் முறை அதுவே: ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிக்க வேண்டும்.

முதலில் விளையாட்டின் கோப்புகள். இடையில் மின்சாரம் நின்றால் அவை பழுதடையக்கூடும். ஸ்டீமிலுள்ள சரிபார்க்கும் வசதி பழுதான பகுதிகளை மட்டும் மீண்டும் தருவிக்கும். முழுவதையும் அழித்துத் திரும்ப இறக்குவது இணையக் கட்டணத்தை வீணாக்குவதாகும்.

இரண்டாவது, கோப்புகள் இருக்கும் இடம். விண்டோஸுக்கென வகுத்த என்.டி.எஃப்.எஸ். வட்டுப் பகுதியிலிருந்தே விளையாட்டை ஓட்ட முயல்வது பல தொல்லைகளுக்கு மூலமாகும். லினக்ஸுக்கு உரிய பகுதிக்கு அதனை மாற்றுதல் நன்று.

மூன்றாவது, வரைகலை இயக்கி. பழைய கணினிகள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். புரோட்டான் 8 முதல் வல்கன் 1.3 தேவைப்படுகிறது, அதனை அறியாத பழைய வரைகலைச் சில்லுகளில் விளையாட்டு தொடங்கும்போதே நின்றுவிடலாம். புரோட்டான் 7ஐத் தெரிவு செய்தால் அவற்றுட் சில ஓடும். 32 பிட் விளையாட்டுகளுக்கு 32 பிட் இயக்கிக் கோப்புகளும் வேண்டும்.

நான்காவது, ஒவ்வொரு விளையாட்டுக்கும் புரோட்டான் அமைத்துத் தரும் தனிக் கோப்புறை. அது குழம்பியிருப்பின், பெயரை மாற்றி ஒதுக்கிவைத்தால் புதியதொன்று தானே உருவாகும். சேமித்த ஆட்டங்கள் அதனுள் இருக்கக்கூடுமாதலால் அழித்துவிடலாகாது.

இவற்றாலும் தீராவிடில், புரோட்டானின் பதிவுக் குறிப்பை இயக்கிப் பார்க்க வேண்டும். அதிலுள்ள எச்சரிக்கைகளிற் பல தீங்கற்றவை. விளையாட்டு நின்ற கணத்துக்குச் சற்று முந்திய வரிகளே கவனத்துக்குரியவை. கிடைக்காத கோப்பின் பெயர், இயக்கியின் பிழை, நினைவகம் போதாமை ஆகியன அங்கே வெளிப்படும்.

சில கதவுகள் திறவா என்பதையும் அறிதல் வேண்டும். போட்டி விளையாட்டுகள் சிலவற்றின் ஏமாற்றுத் தடுப்பு நிரல்கள் லினக்ஸை அனுமதிப்பதில்லை. அனுமதிப்பது தயாரிப்பாளரின் கையில் உள்ளது. பயனர் இரவெல்லாம் விழித்திருந்தும் பயனில்லை.

மற்றவற்றில், நின்ற விளையாட்டு ஒரு பாடமாகவே அமையும். காரணத்தைத் தேடி, ஒன்றை மாற்றி, விளைவைக் குறித்துவைக்கும் பழக்கம் கணினித் தொழிலின் அரிச்சுவடி. கழிக்கவிருந்த ஒரு கணினியிலேயே அதைக் கற்கும் பிள்ளைக்கு, அந்தப் பழைய கருவி விளையாட்டுச் சாமானாக மட்டும் நின்றுவிடாது.