சொல்லாத துயரமும் ஆறும்



கடல் பொங்கிய நாளை இந்தத் தீவுகளில் யாரால் மறக்க முடியும்? 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை. முதலில் பூமி குலுங்கியது. பிறகு கடல் எழுந்து வந்தது. கார் நிக்கோபார், கச்சால், நன்கவுரி, பெரிய நிக்கோபார் என்று தீவு தீவாக ஊர்கள் அழிந்தன. ஆயிரக்கணக்கான உயிர்கள் போயின.

வீடு போனால் கட்டலாம். படகு போனால் வாங்கலாம். மனதில் விழுந்த அடியை என்ன செய்வது?

அன்று பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். அவர் உயிர் தப்பினார். தகரக் கொட்டகையில் தங்கினார். இரவில் அலைச் சத்தம் கேட்டால் திடுக்கிட்டு எழுந்தார். நெஞ்சு படபடத்தது. கை கால் நடுங்கியது. சோறு இறங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள், "வாய்விட்டுச் சொல்லும்மா, பாரம் குறையும்" என்றார்கள். அவருக்கு வார்த்தை வரவில்லை.

இது அவர் குற்றமா? இல்லை. ஆபத்து வந்தால் உடம்பு ஓடத் தயாராகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. தசைகள் இறுகுகின்றன. ஆபத்து போன பிறகும் சிலருக்கு உடம்பு அடங்குவதில்லை. அலை போய்விட்டது என்று புத்திக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியாது. ஆகவே உடம்புக்கும் ஆறுதல் வேண்டும்.

பேசினால் பலருக்குப் பாரம் குறையும். உண்மைதான். ஆனால் பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. தோண்டித் தோண்டிக் கேட்பது புண்ணைக் கிளறுவது போல. உலக சுகாதார நிறுவனமும் வற்புறுத்த வேண்டாம் என்றே சொல்கிறது.

சுனாமிக்குப் பிறகு பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் மருத்துவர்கள் அந்தமானுக்கு வந்தார்கள். முகாம்களில் வேலை செய்தார்கள். துயரப்பட்டவர் பேசினால் பொறுமையாகக் கேட்பது ஒரு வழி. அதோடு வேலை, விளையாட்டு, ஓய்வு, வழிபாடு ஆகியவையும் மனதைத் தேற்றும் என்பது அவர்கள் முறை. மக்களைத் தாங்கியது எது என்றும் அவர்கள் எழுதினார்கள். ஒற்றுமையான ஊர், குடும்பம், ஊர்த் தலைவர்களின் தொண்டு, கடவுள் நம்பிக்கை. இவையே தாங்கின.

பேச முடியாதவருக்கு நாம் என்ன செய்யலாம்?

மூச்சுப் பயிற்சி செய்யலாம். மூக்கால் மெதுவாக மூச்சை இழுக்க வேண்டும். இழுத்ததைவிட நீளமாக விட வேண்டும். ஐந்து நிமிடம் செய்தால் படபடப்பு குறையும்.

பயம் வரும்போது பாதத்தைத் தரையில் அழுத்தி வைக்கலாம். கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லலாம். பாய், குடம், விளக்கு, மரம், கதவு. மனம் அன்றைய நாளை விட்டு இன்றைக்குத் திரும்பும்.

கைக்கு வேலை கொடுக்கலாம். வலை பின்னலாம். கூடை முடையலாம். செடி வைக்கலாம். நாலு பேரோடு சேர்ந்து பாடலாம், கும்மி அடிக்கலாம். குழந்தை அலையையே படமாக வரைந்தால் திட்டாதீர்கள். வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்கிறது.

கடலைக் கண்டு பயமா? இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அவர் சம்மதித்தால் துணைக்கு ஒருவர் போகட்டும். முதலில் தூரத்தில் நிற்கட்டும். மெல்ல மெல்ல நெருங்கட்டும்.

செய்யக் கூடாததும் உண்டு. சாராயம் துயரத்தை மறைக்கும், ஆற்றாது. பேய் பிடித்தது என்று அடிப்பது கொடுமை. ஒரே நாளில் குணமாக்குவேன் என்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஒரு மாதம் ஆகியும் தூக்கம் வரவில்லையா? வேலை செய்ய முடியவில்லையா? மருத்துவரிடம் போக வேண்டும். மனநல மருத்துவத்தில் பல முறைகள் உண்டு. கண்களை இடமும் வலமும் அசைக்கச் செய்து, கொடிய நினைவின் வேகத்தைக் குறைக்கும் முறையும் உண்டு. அதைப் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அவரைத் தனியே விடவும் கூடாது. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். இது டெலி மானஸ் என்ற அரசு உதவி எண். 2022-ல் தொடங்கியது. கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.

புயல், தீ, விபத்து, அடி உதை. எதனாலும் மனம் அடிபடலாம். உங்கள் தெருவிலும் அந்தத் தாயைப் போல ஒருவர் இருக்கலாம். அவரிடம் கேள்வி கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவர் பின்னும் வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேச்சு வரும்போது வரட்டும்.