மரச் செப்புக் கடைதல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா என்றால் இசையும் நாடகமும் இலக்கியப் பேச்சும் எதிர்பார்த்து வருவது நம் வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு கைத்தொழில். மரத்துண்டைப் பொறியில் சுழலவிட்டு, உட்புறத்தை உளியால் குடைந்து, கலமாக்கும் கடைசல் தொழிலைப் பற்றியே பேச விழைகின்றோம். தமிழ்ச் சங்கத்திற்கும் இத்தொழிலுக்கும் என்ன உறவு என்று சிலர் வினவக்கூடும். அவ்வுறவு நம் வீட்டுக் கொலுப் படியிலேயே இருக்கிறது.

நம் குழந்தைகள் 'சொப்பு' என்று அழைத்து விளையாடும் சிறு கலங்களின் பெயர், செப்பு என்னும் பழந்தமிழ்ச் சொல்லின் பேச்சு வடிவமேயாகும். மூடியோடு கூடிய சிறு கலமே செப்பு. வள்ளுவர் உட்பகையை விளக்க வந்த இடத்தில் செப்பும் மூடியும் பொருந்தியிருக்கும் நிலையை உவமையாக்கினார். புறத்தே ஒன்றாய்த் தோன்றினும் அவை இரண்டே என்பது அவர் கருத்து. கலமும் மூடியும் பிரிவு தெரியாமல் பொருந்துவது அந்நாளிலேயே மக்கள் நன்கறிந்த செய்தி என்பது இதனால் புலனாகும். பொருநைக் கரையிலுள்ள அம்பாசமுத்திரம் மரச் சொப்புக்குப் பெயர் பெற்ற ஊர். ஓலைப் பெட்டியில் அடுக்கிய அவ்வூர்ச் சொப்புகளை நம்மில் மூத்தோர் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

அம்பாசமுத்திரம் நமக்குத் தொலைவு. ஆனால் இத்தொழிலைக் காண நாம் அத்தனை தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் சென்னப்பட்டணம் இருக்கிறது. அரக்கு வண்ணம் ஏற்றிய மரப் பொம்மைகளுக்கு அவ்வூர் உலகப் புகழ் பெற்றது. புவிசார் குறியீடும் பெற்றது. அங்கே பொம்மைக்குப் பயன்படும் மரத்தைக் கன்னட மக்கள் 'ஆலெ மரம்' என்கின்றனர். பெயரைக் கேட்டு நம் ஆலமரம் என்று எண்ணிவிடக் கூடாது. அது தமிழில் வெட்பாலை. ஆந்திர நாட்டில் வராக நதிக் கரையிலுள்ள ஏட்டிகொப்பாக்கவும் இவ்வாறே புகழ் பெற்ற ஊர். 2017ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அவ்வூர்க் கைவினைஞரும் இம்மரத்தையே கடைகின்றனர். அவர்கள் அதனை 'அங்குடு' என்பர். மரம் ஒன்று, மொழிக்கொரு பெயர். தந்தம் போன்ற வெண்மையும், நெருங்கிய நுண்ணிய இழையும் உடையதால் உளிக்கு இணங்கி, வழுவழுப்பாய் முடிகிறது அது.

இனி, கலம் கடையக் கற்பவர் எவற்றைக் கற்கிறார் என்று காண்போம்.

முதற்பாடம் மரத்தைக் காத்திருக்கவிடுவது. பச்சை மரம் உலரும்போது சுருங்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவாய்ச் சுருங்காது. வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய போக்கில் சுருங்கும் அளவைப்போல் பொதுவாக இரு மடங்கு ஆகும். ஆதலால் இன்று வட்டமாய்க் கடைந்த பச்சை மரக்கலம் சில மாதங்களில் முட்டை வடிவாகிவிடும், வெடிக்கவும் கூடும். இதற்கு அனுபவசாலிகள் ஒரு வழி கண்டனர். பெரிய கலமாயின், முதலில் சுவரைத் தடிப்பாகவே விட்டுக் குடைந்து வைப்பர். 10 அங்குல வாயுள்ள கலத்திற்கு 1 அங்குலச் சுவர் என்பது அவர்கள் கணக்கு. பின்னர் அதனை நிழலில் உலரவிட்டு, அவ்வப்போது நிறுத்துப் பார்ப்பர். எடை குறைவது நின்றால் மரம் உலர்ந்துவிட்டது என்று பொருள். அதன் பின்னரே மீண்டும் பொறியில் ஏற்றி வடிவை முடிப்பர்.

இரண்டாம் பாடம் உளியைத் தீட்டுவது. மழுங்கிய உளி மரத்தை அறுப்பதில்லை, பிய்க்கிறது. கற்பவன் கையை வலிந்து அழுத்துவதற்கும், அழுத்திய உளி மரத்தில் சிக்கித் துள்ளுவதற்கும் காரணம் பெரும்பாலும் இதுவே.

மூன்றாவதும் அரியதுமான பாடம் உட்குடைவு. வெளிப்புறம் கடையும்போது கண் துணை செய்யும். உட்புறத்தில், அதிலும் வாய் குறுகிய கலத்தில், கண்ணுக்கு வேலை குறைவு. கையும் காதுமே வழிகாட்டிகள். முதலில் நடுவே ஒரு துளையிடுவர். அடித்தட்டுக்கு வேண்டிய தடிமனை விட்டு, அத்துளை எவ்வளவு ஆழம் செல்லலாம் என்பதைத் துளைக்கும் கருவியிலேயே அடையாளமிட்டுக் கொள்வர். பின்னர்த் துளையிலிருந்து வெளிப்புறம் நோக்கி விரித்துச் செல்வர். சுரண்டும் உளியின் முனை உட்புறத்தில் மையக் கோட்டிற்குச் சற்று மேலாக நிற்க வேண்டும். அவ்வாறு நின்றால், உளி சிக்கித் தாழ்ந்தாலும் முனை வெற்றிடத்தில் இறங்கும், சுவரைக் குத்தாது. உளி தாங்கும் கட்டையைத் தாண்டி உள்ளே நீளும் அளவு மிகுந்தால் உளி அதிரும். அதனால் நீண்ட பிடியும் பருத்த தண்டும் உடைய உளியை ஆழத்திற்குப் பயன்படுத்துவர்.

இதில் ஒரு விதி உண்டு. சுவரை விளிம்பிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக முடித்துக்கொண்டே கீழிறங்க வேண்டும்; முடித்த இடத்திற்குத் திரும்புதல் ஆகாது. ஏனெனில் அடிப்பகுதியையும் குடைந்த பின் மேற்சுவர் தாங்கும் வலிமை இழந்து நடுங்கும். அப்போது உளி பட்டால் உடையும். சுவர் மெலியுந்தோறும் மரத்தின் ஓசை மாறும். காலிப்பர் கொண்டு அளக்கலாம்; ஆயினும் தேர்ந்த கைவினைஞர் ஓசை மாறும்போதே கையைத் தளர்த்துவார். எங்கே நிறுத்துவது என்று அறிவதே இத்தொழிலின் உயிர். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. கலத்திற்குப் பயன் தருவது அதன் வெற்றிடம். அவ்வெற்றிடத்தைக் காத்து நிற்பது கைவினைஞர் வெட்டாமல் விட்ட சுவர்.

மூடி பொருத்துவதும் அத்தகையதே. மூடியை முதலில் கடைந்து முடித்து, அதன் உள்வாய்க்கு ஏற்பக் கலத்தின் கழுத்தை மயிரிழை மயிரிழையாகச் செதுக்கிப் பொருத்திப் பார்ப்பர். இறுதியில் வண்ணங் கலந்த அரக்குக் கோலைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துவர். உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் படியும். உலர்ந்த தாழை மடலால் தேய்த்தால் கண்ணாடி போன்ற மினுக்கு வரும். ஏட்டிகொப்பாக்கத்தில் செடிகொடிகளிலிருந்து எடுத்த வண்ணங்களை அரக்கில் கலக்கும் முறைக்குப் புத்துயிர் அளித்த திரு. சி. வி. ராஜு அவர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அன்பர்களே! இவற்றையெல்லாம் ஏட்டில் எழுதி வைக்கலாம். இப்போது நாம் பேசியும் விட்டோம். ஆனால் ஓசை மாறும் அந்தக் கணத்தை எந்த ஏடும் கற்பிக்காது. ஆசிரியர் பக்கத்தில் அமர்ந்து, அவர் கேட்கும்போது தானும் கேட்டால்தான் அது பிடிபடும். ஒரு தலைமுறை அவ்வாறு அமரத் தவறினால், அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க ஆள் இராது. விலை மலிந்த பிளாஸ்டிக் பொம்மையோடு போட்டியிட இயலாமல் இத்தொழிலை விட்டு வேறு பிழைப்புத் தேடிச் சென்றோர் பலர். பொம்மை வாங்கும் ஒவ்வொரு வீட்டிற்கும், நம் வீடுகள் உட்பட, இதில் பொறுப்புண்டு.

"பிள்ளைகள் படிப்பை விட்டு மரம் கடைவதா?" என்று பெற்றோர் அஞ்ச வேண்டுவதில்லை. நாம் வேண்டுவது அதுவன்று. கோடை விடுமுறையில், உயர்நிலைப் பள்ளி மாணவரும் மாணவியரும் சில வாரங்கள் பட்டறையில் கற்கச் சங்கம் ஏற்பாடு செய்யலாம். சுழலும் பொறியருகே தாவணி முனையும் அவிழ்ந்த கூந்தலும் தொங்கலாகாது, கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும், மரத்தூள் மூக்கில் ஏறாமல் காப்பு வேண்டும் என்னும் ஒழுங்குகளைக் கடுமையாய்க் கடைப்பிடித்தே கற்பிக்க வேண்டும். கற்பிக்கும் கைவினைஞரை வேலையாள் என்று கருதாமல் ஆசிரியர் என்று போற்றி, ஆசிரியர்க்குரிய ஊதியமும் தருதல் வேண்டும். அவரிடம் நம் பிள்ளைகள் கன்னடமும் உருதும் நாலு சொல் கற்றுக்கொள்வர். அவர் வெட்பாலை என்னும் தமிழ்ப் பெயரை அறிந்துகொள்வார். நம்மை வாழ்விக்கும் மண்ணோடு உறவு பூண இதனினும் இனிய வழி ஏது?

வரும் நவராத்திரிக்குக் கொலு வைக்கும் தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு படியிலேனும் கையால் கடைந்த செப்புகள் இடம்பெறட்டும். குழந்தை அதன் மூடியைத் திறந்து மூடும்போது, "இது எப்படிச் செய்தது?" என்று கட்டாயம் கேட்கும். விடை சொல்ல நாம் அறிந்திருப்போம். விடையை நேரில் காட்டும் பட்டறையும், அதில் கடைந்துகொண்டிருக்கும் ஒருவரும், அந்நாளிலும் இருக்க வேண்டும். அதற்காவன செய்வோம்.