பணம் கொடுத்தார்கள், பொறுப்பை ஏற்கவில்லை



அமெரிக்காவில் ஃபுட்பால் என்றோர் ஆட்டம். நாம் காலால் உதைக்கும் பந்தாட்டமல்ல; தலைக்கவசம் மாட்டி ஆளோடு ஆள் மோதும் ஆட்டம். ஆடுவோர் உடலுழைப்பை விற்போர், லாபம் பெருமுதலாளிகளுக்கு.

மைக் வெப்ஸ்டர் என்ற ஆட்டக்காரர் 2002-ல் 50 வயதில் மாண்டார். பல்லாண்டு பட்ட அடி அவர் மூளையை அரித்திருந்ததை டாக்டர் பென்னட் ஒமாலு கண்டார். 2005-ல் அதை வெளியிட்டார். லீக்கின் டாக்டர்களோ, கட்டுரையை வாபஸ் வாங்கச் சொன்னார்கள்!

ஆலையில் கை போனால் அன்றே தெரியும். மூளை கெடுவது ஆட்டத்தை விட்டுப் பல்லாண்டு கழித்தே தெரியும். கைவிரிக்க முதலாளிக்கு அதுவே சாக்கு.

முன்னாள் ஆட்டக்காரர்கள் 4,500-க்கு மேற்பட்டோர் வழக்குத் தொடுத்தனர். 2013-ல் லீக் 76 கோடியே 50 லட்சம் டாலர் தர இசைந்தது. இது போதுமா என்று நீதிபதி அனிதா பிராடி ஐயுற்றார். பிறகு நஷ்ட ஈட்டுக்கான உச்சவரம்பு நீங்கியது. ஆனால் குற்றத்தை மட்டும் லீக் ஒப்பவேயில்லை.

அதோடு நின்றதா? கறுப்பரின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவு என்று வைத்துப் பாதிப்பை அளந்தார்கள். அதனால் கறுப்பருக்கு நஷ்ட ஈடு கிடைப்பது கடினமாயிற்று. 2020-ல் கறுப்பு ஆட்டக்காரர் இருவர் வழக்காடினர். 2021-ல் அந்த அளவுகோலைக் கைவிட லீக் ஒப்புக்கொண்டது.

தோழர்களே, கூலி நெல்லை மட்டும் பார்த்தால் போதாது. அளக்கும் மரக்காலையும் பார்க்க வேண்டும். நஷ்ட ஈட்டுக்கும் அதுவே நியாயம்!