மறையாத இரும்புக் கை

படக்கதை படித்தால் பிள்ளைகளின் தமிழ் கெடும் என்கிறது எதிரணி.

1962-இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் தோன்றியவர் லூயிஸ் கிராண்டல். 1972-இல் சிவகாசி முத்து காமிக்ஸ் அவரை 'இரும்புக்கை மாயாவி' ஆக்கித் தமிழ் பேச வைத்தது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும். இரும்புக் கை மட்டும் தெரியும். முதலில் தவறு செய்தவர், பிறகு திருந்தியவர். கதை பழசுதான். ஆனால் படம் பாதி சொல்லும்; மீதியை எழுத்துக்கூட்டியாவது படித்தாக வேண்டும்.

குறை இருந்தால் என்ன? 1885-இல் கட்டிய தெலுக் இந்தான் கோபுரமும் சாய்ந்துதான் நிற்கிறது. அதைப் பார்க்கத்தானே கூட்டம் வருகிறது!

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் கட்டாயப் பாடமில்லை. அதன்பின் பிள்ளை தானாகத் தேடிப் படிக்க ஒன்று வேண்டாமா? பள்ளி மறைந்தாலும் அந்தக் கை மறையக்கூடாது.