வெட்டுகிற கூட்டத்தில் யார் இருக்கிறார்கள்?

தூக்கத்தை விட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குத் தனி நன்றி.

பலமொழி நாடகம் என்றதும் எனக்குச் சிங்கப்பூரின் குவோ பாவ் குன்தான் நினைவுக்கு வருகிறார். 1988இல் அவர் மேடையேற்றிய, பூனையைத் தேடும் அம்மாவின் கதையில் மாண்டரின், ஆங்கிலம், ஹொக்கியன், மலாய், தமிழ் எல்லாம் கலந்து வரும். அம்மாவுக்கு ஹொக்கியன்தான் தெரியும். பிள்ளைகள் வேறு மொழிக்குப் போய்விட்டார்கள். பூனையைத் தேடிப் போகிறவள், தன்னைப் போலவே பூனை தேடும் தமிழ் முதியவர் ஒருவரைச் சந்திக்கிறாள். அவரவர் மொழியிலும் சைகையிலுமாகப் பேசுகிறார்கள். புரிந்தும்விடுகிறது!

நடிகர்களும் பயிற்சியில் சேர்ந்து உருவாக்கிய நாடகம் அது. இயக்குநருக்குத் தெரியாத மொழியில் காட்சி நடந்தால், வசனம் சரியா என்று சொல்லும் அதிகாரம் அந்த மொழிக்காரரிடம் போய்த்தானே ஆகவேண்டும்? (நான் வேலை செய்யும் வார்டிலும் அப்படித்தான். நோயாளியின் மொழி துப்புரவு செய்யும் அக்காவுக்கு மட்டும் தெரிந்தால், டாக்டரும் அவர் வாயைத்தான் பார்த்து நிற்பார்.)

நம்மை அழைக்கும் பலமொழி மேடைகளில் இது அரைகுறையாகவே நடக்கிறது. "தமிழில் ஒரு பாட்டுப் போடுங்கள், களைகட்டும்" என்பார்கள். எந்தக் காட்சியை வெட்டுவது என்று பேசும்போது நம்மவர் வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். அதைக் கூட்டுத் தலைமை என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

அடுத்தமுறை யாராவது அழைத்தால், சம்பளம், ஒத்திகை நேரம் எல்லாம் பிறகு. வெட்டுகிற கூட்டத்துக்கும் கூப்பிடுவார்களா என்று முதலில் கேளுங்கள்.